மாட்டுக்கு அபராதம், குப்பைத் தொட்டிக்கு?

சென்னையில் தெருவில் பிடிபடும் மாட்டுக்கு 5,000 ரூபாயாக இருந்த அபராதம் 2024-இல் 10,000 ஆனது. மறுபடி பிடிபட்டால் 15,000. சாலையில் போகிறவர்களை மாடுகள் முட்டித் தள்ளிய கொடுமைக்குப் பிறகு நடவடிக்கை தேவைதான். ஆனால் அந்த மாடு தெருவில் எதைத் தின்கிறது என்று, அபராதத்தை உயர்த்திய மாநகராட்சியினர் ஒரு கணமும் யோசிக்கவில்லை என்பதே நம் ஆத்திரம்.

2019-இல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுக்கப்பட்டது. மாடு முதலில் விழுங்கிவிட்டுப் பிறகே அசைபோடும் பிராணி. முடிச்சுப் போட்ட பையில் மிச்சச் சோறு இருந்தால், அவிழ்க்கத் தெரியாமல் பையோடு விழுங்குகிறது. அந்தப் பை செரிக்காது, சாணமாகவும் வெளியேறாது; முதல் வயிற்றிலேயே கயிறாய்த் திரிந்து உருண்டையாகி, தீவனம் அடுத்த வயிற்றுக்குப் போகும் வழியை அடைக்கிறது. பசி மந்தமாகும், பால் வற்றும், வயிறு உப்பும். பையோடு போகும் கம்பியும் ஆணியும் இரண்டாம் வயிற்றைத் துளைத்து இதயம் வரை எட்டுவதுண்டு. வயிற்றைக் கிழித்து அள்ளுவதைத் தவிர வேறு வைத்தியம் அனேகமாக இல்லை. வெளியே எலும்பு தெரியும்வரை உரிமையாளருக்கே விளங்காமல் போகும் வேதனை இது.

தீவனச் செலவை மிச்சம்பிடிக்கவே உரிமையாளர்கள் மாட்டை அவிழ்த்துவிடுகிறார்கள் என்பார்கள். பலர் விஷயத்தில் அது உண்மை, அவர்களைத் தண்டியுங்கள். ஆனால் மேய்ச்சல் நிலமெல்லாம் கட்டடமாகிவிட்ட ஊரில், அபராதம் எத்தனை மடங்கானாலும் ஒரு குப்பைத் தொட்டிக்குக்கூட மூடி முளைக்காது. பையைக் கட்டி எறிவது மக்கள்தானே என்றால், குப்பையைப் பிறக்கும் இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்று 2016-லேயே விதி வந்தது. பிரித்துக் கொடுத்த வீட்டின் குப்பையையும் ஒரே வண்டியில் கொட்டிக் கலந்தது யார்? 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை என்று மாநில அரசு முழங்கியது. காய்கறிக் கடையில் அந்தப் பை இன்றும் தாராளமாகத் தொங்குகிறது. சில்லறைக் கடைக்காரரிடம் சோதனை போட்டவர்கள், அதைத் தயாரிக்கும் ஆலைகளை அதே வேகத்தில் தேடவில்லை. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பையை மலையாய்க் குவியவிட்டு, இப்போது அந்த மலைகளைக் கரைக்கப் பெருந்தொகை செலவிடுபவர்களும் மாநகராட்சியினரே. பிடிப்பதற்கு எளிதானவரையே பிடிப்பது இவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. மாட்டுக்காரரிடம் வசூலித்த பணத்துக்குக் கணக்குச் சொல்லட்டும். குப்பையை மாட்டின் வாய்க்கு எட்டாமல் வைக்கும் பொறுப்பை இனியாவது முழு மனதோடு ஏற்கட்டும்.