கூட்டம் வந்தால் செட்டிநாடு பிழைக்குமா?

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் ஆழ்வார்பேட்டையில் பல உண்டு. மார்கழிக் கச்சேரி முடிந்து சபா கேண்டீனில் காப்பிக்குக் காத்து நிற்கையில் பேச்சு செட்டிநாட்டின் பக்கம் திரும்பினால், ஏறக்குறைய ஒரே அபிப்பிராயந்தான் எல்லோர் வாயிலிருந்தும் வருகிறது. வீடுகள் இடிகின்றன, சுற்றுலா ஒன்றுதான் அவற்றைக் காப்பாற்றும். அதற்கு நட்சத்திர ஹோட்டல்களும் வண்டி வண்டியாக ஜனங்களும் வந்தாக வேண்டும். தண்ணீர், சுற்றுச்சூழல், நடக்க முடியாதவர்களுக்குச் சௌகரியம் என்பனவெல்லாம் ஊர் செழித்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயங்கள் என்பதே அது. வீடுகள் இடிகின்றன என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்பதை எவரும் காணலாம். ஆட்சேபம் எல்லாம் அதற்கு மேல் வரும் வாதத்தின்மீதுதான்.

கூட்டம் பெருகினால் ஊர் செழிக்கும் என்பது உண்மையாயின், உதகையும் கொடைக்கானலும் இன்று ஆனந்தத்தில் திளைத்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே நடந்ததோ வேறு: 2024 மே மாதம் முதல் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வாகனம் மலையேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது, மறு ஆண்டு ஏப்ரல் முதல் உதகைக்கு வாரநாளில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்று எண்ணிக்கையே வரையறுக்கப்பட்டது. கூட்டத்தை வரவழைப்பதற்கு அரை நூற்றாண்டு பாடுபட்டு, பின்னர் அதைத் தடுப்பதற்கு நீதிமன்றத்தின் துணையை நாடும் நிலைக்கு ஒரு பிரதேசம் வந்து சேருமாயின், அந்த வழியையே செட்டிநாட்டுக்கும் சிபாரிசு செய்வது எவ்வகையில் விவேகம்?

அப்படிப் போகும் கூட்டத்தின் பணம் எங்கே தங்குகிறது என்பதையும் பார்க்கலாம். காலையில் மதுரையிலிருந்து வரும் பேருந்து, கானாடுகாத்தான் அரண்மனை வாசலில் படம் பிடித்துக்கொண்டு, காரைக்குடியில் சாப்பாட்டை முடித்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டால், கிராமத்துக்கு எஞ்சுவது புழுதியும் தண்ணீர்ப் புட்டிகளுந்தான். கேரளத்தில் குமரகம் இதே சங்கடத்தை அனுபவித்த ஊர். காயலோரத்தில் ஹோட்டல்கள் பெருகியும் ஊரார்க்குப் பலன் குறைவு என்ற மனத்தாங்கல் வளர்ந்த பின்னர், 2008ஆம் ஆண்டையொட்டி அங்கே தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தில், ஹோட்டல் அடுக்களைக்கு வேண்டிய காய்கறியையும் பிற பண்டங்களையும் உள்ளூர்க் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்களிடமும் விவசாயிகளிடமும் வாங்குவதென்று ஏற்பாடு செய்தார்கள். வந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கை விட, வந்த ரூபாயில் எத்தனை காசு ஊரில் நின்றது என்ற கணக்குக்கு அங்கே மதிப்புக் கூடிற்று.

தண்ணீரைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்பவர்கள், தம் பாட்டனார் கட்டிய வீட்டையே சரியாகப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். ஓட்டுக் கூரைகளிலிருந்து வளவு முற்றத்தில் விழும் மழைநீர், தளத்தின் அடியில் ஓடும் வடிகால் வழியே தெருவுக்கு வந்து, அங்கிருந்து ஊருணிக்குப் போய்ச் சேரும்படி அந்த ஊர்களை நிர்மாணித்திருக்கிறார்கள். குடிநீர் ஊருணியில் கால் நனைப்பதும் குற்றம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்ப் பொருளீட்டிய நகரத்தார் வறண்ட சீமையில் 70க்கும் மேற்பட்ட ஊர்களை வைத்துக் காப்பாற்றிய சூத்திரம் இதுவே. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாடு இடம்பெற்றபோது, தனித்தனி மாளிகைகளாக அல்லாமல் ஊர்த்தொகுதிகளாகவே அது இடம்பெற்றது. அப்படிப்பட்ட ஊரில் ஆழ்துளைக் கிணறு இறக்கி நீச்சல் குளம் வெட்டும் விடுதி, எந்தப் பெருமையை விற்க வந்ததோ அதன் ஆதாரத்தையே உறிஞ்சிக்கொண்டு பிழைக்கிறது.

இனி, மாற்றுத்திறனாளிகள் சொற்பம், அவர்களுக்காகச் செலவிடுவது கட்டுப்படியாகாது என்னும் வாதம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அவர்கள் நூற்றுக்கு இரண்டே கால் பேர்கூட இல்லைதான். ஆனால் அதே கணக்கில் தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் என்பதை ஏன் மறக்கிறார்கள்? செட்டிநாட்டுக்கு இன்றும் தவறாமல் போகிற யாத்ரீகர்கள் யார்? நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களையும் ஒரு முறை தரிசித்துவிட வேண்டும் என்றும், முன்னோர் படைப்புக்கும் மணிவிழாச் சாந்திக்கும் சொந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்றும் துடிக்கும் ஆச்சிமார்களும் ஐயாமார்களுந்தானே? அப்பத்தாவுக்குப் படியேற முடியாது என்றால் அப்பத்தா மட்டுமா நின்றுவிடுகிறார்? மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் அனைவரும் பயணத்தைக் கைவிடுகிறார்கள். வர முடிகிற முதியவர்களும் சும்மா போய்விடுவதில்லை. மெதுவாக நடக்கிறவர் ஓர் ஊரில் இரண்டு இரவு தங்குகிறார்; ஆத்தங்குடிப் பட்டறையில் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, அறைக்கு ஒரு வண்ணக் குழம்பை ஊற்றி, சட்டத்தைத் தூக்கியபின் மணலும் சிமெண்டும் இட்டுக் கல் வார்க்கும் கைவேலையை நிதானமாக உட்கார்ந்து பார்க்கிறார்; கண்டாங்கிச் சேலையும் பலகாரமும் வாங்குகிறார். கூட்டம் குறைவாகவும் தங்கல் நீண்டதாகவும் இருக்கும் சுற்றுலா வேண்டுமென்றால், அதற்கு ஏற்ற விருந்தாளி இவரே.

சாய்தளம் வைத்தால் பாரம்பரியம் கெடும் என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள். மின்விசிறியும் குழாயும் வந்தபோது கெடாத பாரம்பரியமா இது! செட்டிநாட்டு வீட்டின் அமைப்போ இதற்கு அனுகூலமானது. தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறும் படிகளைக் கடந்துவிட்டால், முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோட்டில் வாசல்கள் அமைந்திருக்கின்றன. குறுக்கே நிற்பவை நிலைப்படிகளே. ஓரடி உயர்ந்தால் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்துக்குரிய கணக்கு. ஆகவே ஒன்றரை அடிப் படிக்கட்டுக்குப் பதினெட்டடி வேண்டும். அவ்வளவு இடம் முன்வாசலில் இல்லாவிட்டால், அடுத்த தெருவரை நீளும் அந்த வீடுகளின் பின்வாசலில் இருக்கிறது. எடுத்து வைக்கக்கூடிய மரப்பலகையாக அதைச் செய்துகொண்டால் சுவரில் ஓர் ஆணியும் அடிக்க வேண்டியதில்லை. ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பு ஈரத்தில் வழுக்கும் என்பது வேறு; ஊன்றுகோலுடன் வருபவருக்கு ரப்பர் விரிப்பு போட வேண்டும்.

மெரினாவைச் சுட்டிக்காட்டுகிறவர்களும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் அலையருகே செல்வதற்காக 2022 நவம்பர் 27இல் திறந்த மரப்பாதை, இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயலில் சிதைந்தது. ஆகவே இவையெல்லாம் வீண் என்கிறார்கள். புயலில் மின்கம்பமும் விழுந்ததே, அதனால் மின்சாரம் வீண் என்று முடிவு செய்தோமா? அந்தப் பாதையையும் செப்பனிட்டார்கள். சக்கர நாற்காலிகள் மறுபடியும் கடலை நோக்கிப் போயின.

உண்மையான இடைஞ்சல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. எழும்பூரில் காரைக்குடிக்குப் பல்லவன் ரயிலைப் பிடிக்கப் போனால் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி ரயிலின் கோடியில் நிற்கிறது. இறங்கும் ஊரில் அது மேற்கூரைக்கு அப்பால் போய் நின்றால் வெயிலோ மழையோ பட்டுத்தான் ஆக வேண்டும். பொதுக் கட்டடங்களைச் சீர்ப்படுத்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த ஐந்தாண்டு அவகாசமும் என்றோ கழிந்துவிட்டது. வீடுகளிலோ, ஒரு குளியலறைக் கதவை மூன்றடி அகலமாக்குவதற்குக்கூடச் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் ஆழ்வார்பேட்டையிலும் சிதறிக் கிடக்கும் பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். நட்சத்திர ஹோட்டலுக்கு மனுக் கொடுக்கும் பெரியவர்கள், அடுத்த படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது, முதலில் அந்தக் கதவுக்குக் கையெழுத்து வாங்கட்டும்.