வீட்டுமொழியைக் கைவிடச் சொல்லாதீர்

தில்லி புசா ரோட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இருக்கிறது. இந்தியும் ஆங்கிலமும் சூழ்ந்த நகரில் பிள்ளை தமிழும் கற்க வேண்டும் என்று விரும்பும் பெற்றோர் இத்தகைய பள்ளிகளை நாடுகின்றனர். ஆயின், குழந்தைக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் முதலில் பலியாவது அந்தத் தமிழ்தான். வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், பள்ளிமொழியே போதும் என்னும் அறிவுரை இன்றும் வழங்கப்படுகிறது.

இதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை. ஹாம்பிலியும் ஃபோம்போனும் 2012இல் வெளியிட்ட கனடிய ஆய்வில், இருமொழிச் சூழலில் வளர்ந்த ஆட்டிசக் குழந்தைகள் ஒருமொழிச் சூழலில் வளர்ந்தோரைவிடப் பின்தங்கியிருக்கவில்லை. பேச்சுத் தாமதம் ஒருமொழி வீடுகளிலும் காணப்படுவதே. பழி மட்டும் தமிழின்மேல் விழுகிறது.

இழப்போ பெரிது. இந்தி தடுமாறும் பாட்டி பேரக்குழந்தையிடம் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். தாயின் கொஞ்சல் நின்று, கட்டளைகள் மட்டும் எஞ்சுகின்றன. உரையாடப் பழக வேண்டிய குழந்தைக்கு உரையாட ஆள் குறைகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்கிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இக்குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, அவரவர் தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. குழந்தை வீட்டில் அறிந்த தமிழ்ச் சொற்களை வகுப்பின் பட அட்டைகளில் சேர்ப்பதும் அத்தகைய வசதியே. சேர்க்கையின்போதே பெற்றோர் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.