இளைப்பைச் சோம்பல் என்னாதீர்



வெள்ளானூரில் ஒரு நாள் மாலை, முப்பது வயதைக் கடந்த சகோதரி ஒருத்தி கோயில் படி ஏறுகையில் நின்று நின்று மூச்சு வாங்கினாள். "வேலை என்றாலே இவளுக்கு இளைப்பு வந்துவிடும், சாமி" என்றார் உடன் வந்த மாமியார். நானும் ஆராயாமல், "மனத்தைத் திடப்படுத்திக்கொள், மகளே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சில மாதங்களில் அவளது நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்து, நுரையீரல் சுருங்கிப்போயிற்று. சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகே நோயின் பெயர் தெரிந்தது.

லிம்பாஞ்சியோலியோமயோமடோசிஸ் என்பது அதன் நீண்ட பெயர். சுருக்கமாக 'லாம்' என்பர். பத்து இலட்சம் பெண்களில் ஒரு சிலருக்கே, பெரும்பாலும் பிள்ளைப்பேற்று வயதில், இது வருகிறது. மென்தசை அணுக்களை ஒத்த அணுக்கள் நுரையீரலிலும் நிணநீர்க் குழாய்களிலும் பெருகுகின்றன. நுரையீரலெங்கும் சிறு காற்றுப்பைகள் உண்டாகின்றன. சிலருக்குச் சிறுநீரகத்திலும் கட்டி தோன்றும். வழக்கமான புற்றுநோய் போன்றதன்று. ஆயினும் மூச்சை மெல்ல மெல்லக் குறைத்துவிடும். ஆஸ்துமா என்றோ காசம் என்றோ பலகாலம் எண்ணிவிடுவதும் உண்டு.

இந்நோய்க்கு உதவும் மருந்தின் வரலாறு வியப்புக்குரியது. 1964-இல் ஈஸ்டர் தீவுக்குச் சென்ற கனடா நாட்டு ஆய்வுக் குழுவினர் கொணர்ந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து, நம் நாட்டில் கல்வி கற்ற சுரேந்திரநாத் சேகலும் அவர் குழுவினரும் மான்றியலில் அதைப் பிரித்தெடுத்தனர். நிறுவனம் ஆய்வைக் கைவிட்டபோதும் அவர் கைவிடவில்லை. அந்நுண்ணுயிரைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே பாதுகாத்து வைத்தார். அதுவே சிரோலிமஸ். 1999-இல் சிறுநீரக மாற்று நோயாளருக்கென அமெரிக்காவில் அனுமதி பெற்ற அம்மருந்து, லாம் நோயில் நுரையீரலின் திறன் குன்றுவதைத் தடுக்கிறது என 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2015-இல் இந்நோய்க்கும் அங்கே அனுமதி கிடைத்தது. நோயை அது அடியோடு போக்குவதில்லை. மருந்தை நிறுத்தினால் மூச்சுத்திறன் மீண்டும் குறையத் தொடங்கும்.

ஆதலால், புகைப்பழக்கமில்லாத இளம்பெண்ணுக்கு இளைப்பு நீடித்தாலோ, நுரையீரல் திடீரெனச் சுருங்கினாலோ, நுரையீரல் நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். கருத்தரிப்பும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகளும் இந்நோயை மிகுவிக்கக்கூடும். மருத்துவரைக் கலந்தே முடிவு செய்யுங்கள். குழந்தை இல்லையே என்று அவளை நெருக்காதீர்கள்.

அச்சகோதரியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் புன்னகை செய்தாள். மாமியாரோ இப்போது தண்ணீர்க் குடத்தைத் தாமே சுமக்கிறார்.