எந்த மரத்தில் அடித்தால் நல்லது?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு போன். மயூர் விஹாரில் இருக்கும் நண்பர், நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர். "உங்க அப்பா மரவாடி வெச்சிருந்தாரே, ஒரு சந்தேகம் கேக்கணும். சிராய் அடிக்காத மரம் எது சார்? தேக்கா, ஷீஷமா?"

வீட்டில் பூஜை அலமாரி செய்யப் போகிறார் போலிருக்கு என்று நினைத்து நானும் உற்சாகமாக ஆரம்பித்துவிட்டேன். வைரம் பாய்ந்த கட்டையாக எடுங்க, கணு இல்லாம பாருங்க, ரேகை நீளவாட்டில் நேரா ஓடணும், கீர்த்தி நகரில் ஷீஷம் என்று சொல்லி வேறு எதையாவது தலையில் கட்டுவார்கள், இழைத்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்க... அஞ்சு நிமிஷம் பேசியிருப்பேன். கடைசியில் "என்ன அளவு?" என்றேன்.

"ஒண்ணரை அடி நீளம், மூணு விரல் அகலம் போதும். பையனுக்கு."

"கிரிக்கெட் பேட்டா?"

"இல்ல சார். அடிக்கிறதுக்கு."

நண்பரைப் பற்றித் தப்பாக நினைக்க வேண்டாம். குடிக்காதவர், குரல் உயர்த்தாதவர். பையன் ஏழாம் வகுப்பு. போன வாரம் பிளாஸ்டிக் ஸ்கேலால் அடித்திருக்கிறார், ஸ்கேல் உடைந்து முனை கிழித்து பையன் முழங்கையில் ரத்தம். மனிதர் ஆடிப்போய்விட்டார். அதிலிருந்து அவர் கற்றுக்கொண்ட பாடம்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது: இனி அடிக்கக் கூடாது என்பதல்ல, இனி உடையாத பொருளால் அடிக்க வேண்டும்!

அன்று போனில் மென்று முழுங்கிவிட்டேன். சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

முதலில் மரவாடிக்காரன் பிள்ளையாகவே பதில் சொல்கிறேன். மெல்லிசான கம்பு வேகமாக இறங்கும், தோலைக் கிழிக்கும். கனமான பட்டைக் கட்டை தோலை விட்டுவிடும், உள்ளே சதையில் ரத்தம் கட்டும். மென்மரம் உடைந்து சிராய் ஏறும். வன்மரம் உடையாது, அதனால் அடி முழுசும் குழந்தை உடம்புக்குள்தான் போகும். மூங்கில் பிளக்கும். பிரம்பு மரமே இல்லை, பனை இனத்துக் கொடி. உள்ளே பொந்து கிடையாது, வளையும், சுலபத்தில் உடையாது. அதனால்தான் வாத்தியார் கைக்கு அது வந்து சேர்ந்தது. மரத்தை மாற்றினால் காயத்தின் இனம் மாறும், அவ்வளவுதான்.

"அளவோடு, முறையோடு அடித்தால்?" என்பார்கள். அதையும் சர்க்காரே செய்து பார்த்துவிட்டது, வேறெங்கும் இல்லை, இதே தில்லியில். 1973ஆம் வருஷத்து தில்லி பள்ளிக்கல்வி விதிகளில் 37ஆம் விதியை எடுத்துப் படியுங்கள். உடம்பு சரியில்லாத பிள்ளையை அடிக்கக் கூடாது. காயம் படாமல் அடிக்க வேண்டும். பிரம்பு என்றால் உள்ளங்கையில், பத்து அடிக்கு மேல் கூடாது. ஏதோ மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது இல்லையா? பெற்றோர் அமைப்பு ஒன்று இதை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றம் போனது. 2000 டிசம்பர் 1ஆம் தேதி, அடிக்க அனுமதித்த அந்தப் பகுதிகள் அரசியல் சட்டத்தின் 14, 21 பிரிவுகளுக்கு விரோதம் என்று நீதிமன்றம் தூக்கிப்போட்டது. குழந்தைக்கும் கண்ணியம் உண்டு என்பதுதான் தீர்ப்பின் சாரம். தமிழ்நாட்டில் 2003ல் விதியைத் திருத்தினார்கள். 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நாடு முழுக்கப் பள்ளியில் அடிப்பதற்குத் தடை போட்டது.

அமெரிக்காவில் நண்பர் கேட்ட அதே சாமானைப் பள்ளிக்கூடங்களிலேயே வைத்திருந்தார்கள். இன்னும் சில மாநிலங்களில் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். 1970ல் மயாமியில் ஒரு நடுநிலைப் பள்ளி. இரண்டு அடிக்குக் குறைவான நீளம், மூன்று நான்கு அங்குல அகலம், அரை அங்குல கனம். இதெல்லாம் நீதிமன்றப் பதிவில் இருக்கும் அளவு. வழக்கமாக ஒன்றிலிருந்து ஐந்து அடி என்று கணக்கும் வைத்திருந்தார்கள். ஜேம்ஸ் இங்கிரகாம் என்ற மாணவனுக்கு விழுந்தது இருபதுக்கு மேல். ரத்தம் கட்டி, மருத்துவரைப் பார்த்து, பல நாள் பள்ளிக்கே போக முடியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1977ல் 5க்கு 4 என்று தோற்றது. அந்தக் கட்டையில் குறை ஒன்றும் இல்லை. அளவு எடுத்துத்தான் செய்திருந்தார்கள். ஐந்தோடு நிற்காதது கை.

கட்டைக்கு அளவு போடலாம். கோபத்துக்கு யார் அளவு போடுவது?

சிங்கப்பூரில் குற்றவாளிகளுக்குக் கொடுக்கும் பிரம்படிக்குப் பிரம்பின் விட்டம் 1.27 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் மருத்துவர் நிற்க வேண்டும். இத்தனை ஜாக்கிரதையாக அடித்தும் தழும்பு நிற்கிறது. அங்கிருந்து வரும் சொந்தக்காரர்கள் கலர் பிளாஸ்டிக் பிடி போட்ட ரோத்தானைத் தைலம், சாக்லேட்டோடு சேர்த்து பெட்டியில் கொண்டுவந்து "சும்மா பயமுறுத்தத்தான்" என்று சிரித்துக்கொண்டே கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். தயவு செய்து தைலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் :-)

இன்னொரு வேடிக்கை. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கிற பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முனை கூர்மையாக இருக்கக் கூடாது, பெயிண்டில் ஈயம் இத்தனைக்கு மேல் கூடாது என்று ஏகப்பட்ட சோதனை. குழந்தை கையில் எடுக்கும் மரத்துக்கு இத்தனை கெடுபிடி. குழந்தை மேல் இறங்கும் மரத்துக்கு நம் நண்பர் உப்புத்தாள் போடுகிறார்.

உடனே பழமொழியைக் கொண்டு வருவீர்கள், தெரியும். முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும். எதுகை மோனைக்காக ஒரு தலைமுறையே அடி வாங்கியிருக்கிறது ஐயா! முருங்கையை ஏன் ஒடிக்கிறோம்? விட்டால் ஒல்லியாக உயர்ந்துவிடும், காய் எட்டாது. ஒடித்தால் பக்கக் கிளை வெடித்து கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். அதாவது பறிக்கிறவன் வசதிக்காக ஒடிக்கிறோம். பழமொழியின் இந்தப் பாதி நம்மைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். ஊரில் எங்க அப்பாவும் அடித்திருக்கிறார், புளிய விளாரால். ஆனால் அவர் கையை ஓங்கினதும் பாட்டி நடுவில் வந்து விழுவாள். "முதல்ல என்னை அடிடா" என்பாள். பக்கத்து வீட்டு அத்தை சத்தம் கேட்டு வந்து என்னை இழுத்துக்கொண்டு போய் மோர் கொடுப்பாள். பத்து அடி விழ வேண்டிய இடத்தில் ரெண்டு விழும். அந்த அளவைப் போட்டது அப்பா இல்லை, திண்ணையில் இருந்த ஜனங்கள். நாம் என்ன செய்தோம்? தில்லிக்கு வரும்போது அடியை மட்டும் எடுத்துக்கொண்டு பாட்டியை ஊரில் விட்டுவிட்டு வந்தோம். மூணாம் மாடி டிடிஏ ஃபிளாட், கதவு சாத்தியிருக்கும், டிவி ஓடும். எதிர் வீட்டு ஆண்ட்டிக்குக் கேட்டாலும் அது "மதராசி வீட்டு விஷயம்". நடுவில் வர ஒருத்தர் கிடையாது.

அடிக்கும் காரணத்தையும் பாருங்கள். தமிழ் எழுத வரவில்லை. அப்பா தமிழில் கேட்டால் பையன் ஹிந்தியில் பதில் சொல்கிறான். அவனை இங்கே கொண்டு வந்து வளர்த்தது யார், அவனா? அடித்துத் தமிழ் சொல்லிக் கொடுத்தால் அவனுக்கு ஆயுசுக்கும் தமிழ் என்றால் உள்ளங்கை எரியும்.

வீட்டுக்குள் அடிப்பதைத் தனியாகத் தடுக்கிற சட்டம் இங்கே இன்னும் இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் 89ஆம் பிரிவு பன்னிரண்டு வயசுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்ததற்கு அடைக்கலம் கொடுத்தது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் 27ஆம் பிரிவாக அது குடியேறிவிட்டது. 2007ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு ஒன்று 13 மாநிலங்களில் எடுத்தது, தில்லியும் அதில் உண்டு. குடும்பத்துக்குள் அடி வாங்கியதாகச் சொன்ன பிள்ளைகளில் 88.6 சதவீதம் பேரை அடித்தது அப்பா அம்மாதான். அத்தனை பேரும் நல்லெண்ணத்தோடுதான் அடித்திருப்பார்கள். ஸ்வீடன் 1979லும் நார்வே 1987லும் வீட்டுக்குள்ளும் கூடாது என்று சட்டம் போட்டன. அங்கே போய்க் குடியேறிய ஈழத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வளர்ந்து படித்து ஆளானார்கள்.

"நீ என்ன யோக்கியமா?" என்று கேட்டால், இல்லை. நாலு வருஷம் முன்னால் என் பெண்ணை ஸ்கேலால் அடித்திருக்கிறேன். மரத்து ஸ்கேல், உடையவில்லை, காயமும் இல்லை. நண்பர் கணக்கில் பாதுகாப்பான அடி. அதற்கப்புறம் ரொம்ப நாள் நான் அலமாரியைத் திறந்தால் அவள் தலையை உள்ளே இழுத்துக்கொள்வாள். நான் எடுக்கப்போனது துண்டு. ஸ்கேல் இருந்தது அதே அலமாரியில்.

நேற்று நண்பருக்குப் போன் செய்து இவ்வளவும் சொன்னேன். "ஆசாரிக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டேன் சார்" என்றார். சப்பாத்திப் பலகையாகச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள், ஷீஷத்துக்கு அதுதான் மரியாதை என்றேன். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். கொஞ்சம் கோபம்தான் என்று நினைக்கிறேன்.

"அப்போ கோபம் வந்தா என்னதான் பண்றது?" என்று கேட்டார், அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி மதர் டெய்ரி வரை நடந்து பால் வாங்கி வருகிறேன். பரீட்சை சமயத்தில் ஒரே நாளில் மூணு பாக்கெட். எங்க வீட்டு ஃபிரிட்ஜில் இப்போது எப்போதும் தயிர் இருக்கிறது.