அரசகுமாரனும் ஏழை மகனும்

விரலில் முள் தைத்தால் இரத்தம் கசிகின்றது; சிறிது பொழுதில் தானே உறைந்து நின்றுவிடுகின்றது. இதனை நாம் ஒரு வியப்பாகக் கருதுவதில்லை. ஆயின், உறைதற்கு வேண்டிய பொருள்களுள் ஒன்று குறைந்த உடலோடு பிறந்த சிறுவனுக்கோ, இடறி விழுதலும் பேரிடராகின்றது. மூட்டுகளில் இரத்தம் கசிந்து முடமாதலும் உண்டு. மூளையிற் கசிந்து உயிர் நீங்குதலும் உண்டு. ஹீமோபிலியா என வழங்கும் இந்நோயின் ‘ஏ’ வகை, பிறக்கும் ஆண்மக்களுள் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவரைப் பற்றுகின்றது.

விக்டோரியா பேரரசியாரின் மகன் லியோபோல்டு இந்நோயுடையவர். 1884ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுக் கான் நகரில் அவர் வழுக்கி விழுந்தார். மறுநாள், 30 வயதில், உயிர் துறந்தார். மூளையிற் கசிந்த இரத்தமே காரணம் என்பர். கடல் கடந்து பரந்த பேரரசின் செல்வம் முழுவதும் அவரைக் காக்கவில்லை. காக்கும் மருந்து அன்று உலகில் எவரிடத்தும் இல்லை.

இன்று மருந்து உண்டு. அஃது எவர்க்கு உண்டு என்பதே எமது வினா.

1964ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜூடித் கிரகாம் பூல் அம்மையாரும் அவர் துணைவரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். பனியாய் உறையவைத்த பிளாஸ்மா என்னும் இரத்த நீரைக் குளிர்ச்சி மாறாமல் மெல்ல உருகவிட்டால், கரையாத வண்டல் ஒன்று அடியில் தங்கும். இரத்தம் உறைவதற்கு வேண்டிய எட்டாம் காரணி அவ்வண்டலிலேயே செறிந்துள்ளது. சாதாரண இரத்த வங்கியும் செய்யத்தக்க இம்முறை, நோயாளிகள் பலரைக் காத்தது.

இதற்கு மாறான காட்சியொன்றும் உண்டு. 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘பி’ வகை ஹீமோபிலியாவுக்கு ஒரு மரபணுச் சிகிச்சை ஒப்புதல் பெற்றது. ஒருவருக்கு அதன் விலை 35 இலட்சம் டாலர்! அன்று அரசகுமாரனுக்கும் கிட்டாத மருந்து, இன்று அரசகுமாரனுக்கே கிட்டும் மருந்தாயிற்று.

உயர்ந்த ஆராய்ச்சிக்கு மிகுபொருள் வேண்டும் என்பாரை யாம் மறுத்திலேம். எளிய முறைக்கும் குறையுண்டு. வண்டலோடு நோய்க்கிருமியும் உடல் புகக்கூடும் ஆதலின், கிருமி நீக்கிய மருந்துகளே மேலானவை. எனினும், நோயாளியின் வாயிலை எட்டாத ஆராய்ச்சி பாதி வழியில் நின்ற ஆராய்ச்சியேயாம். விலையைக் குறைத்தல் வணிகர் வேலை, அறிஞர் வேலையன்று என்று கருதுதல் பிழை. அதுவும் அறிவுக்கு உரிய அரிய பணியே.

இவ்வாராய்ச்சி நமக்கு எட்டாத தொலைவில் நிகழ்வதன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார், எமரி பல்கலைக்கழகத்தாருடன் கூடி, ‘ஏ’ வகை நோயுடையார் ஐவரின் குருதி மூல உயிரணுக்களை எடுத்து, எட்டாம் காரணிக்குரிய மரபணுவை அவற்றிற் சேர்த்து, மீண்டும் அவர்தம் உடலிற் செலுத்தினர். 2024ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, சிகிச்சைக்குப்பின் கண்காணித்த காலத்தில் அவர்க்கு இரத்தக் கசிவு நேரவில்லை. ஐவரைக்கொண்டு உலகிற்கு விதி வகுத்தல் ஆகாது; ஆயின் நம்பிக்கை கொள்ள இடமுண்டு.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை ஆராய்ச்சிக்கூடம் புகுவீர்கள். ஆங்கு, “இஃது உண்மையா?” என்று வினவுவதோடு அமையாது, “இஃது எவரைச் சென்றடையும்?” என்றும் வினவுங்கள். இடறி விழுந்த ஏழைச் சிறுவன் எழுந்து ஓடும் நாளே, அவ்வாராய்ச்சி நிறைவெய்தும் நாள்.