பசியில்லாத பசி



ரந்தாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன்னே பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் பால்வெட்டுக்கு ஓடிய காலம் நினைவிருக்கும். அழுதால் ஒரு பிஸ்கட். அப்பா குடித்துவிட்டு அடித்தால், அம்மா கையில் சீனி போட்ட தேநீர். பாவம், அவளிடம் வேறென்ன இருந்தது? வேதனை வந்தால் வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று உடம்பு பழகிக்கொள்கிறது.

அமெரிக்காவின் சான் டியேகோவில், 1985-இல், உடல் இளைக்க வந்தவர்களில் நன்றாக இளைத்தவர்களே சிகிச்சையை விட்டுப் போனார்கள். டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி விசாரித்தார். பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள்!

எல்லாருக்கும் இதுவே காரணமல்ல. ஆனாலும், நள்ளிரவில் சோற்றுப்பானையைத் திறக்கும் மகளைப் 'பெருந்தீனி' என்று ஏசாதீர்கள். "என்னம்மா நடந்தது?" என்று கேளுங்கள். உடனே சொல்லமாட்டாள். இனிப்புநீருக்கு மருந்து வாங்கும் அக்காமார்களும் கிளினிக் மிஸ்ஸியிடம் இதைச் சொல்லலாம்.