குடியை விட்டவர்கள் கூடும் இடம்

மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வீடு திரும்புகிறவரிடம் மனைவி சத்தியம் வாங்குகிறார். அம்மா கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டுகிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. பல வருடங்களாக அந்த நேரத்தைக் கடையில் கழித்தவருக்கு அதுதான் கண்டம். சம்பள நாள், கல்யாண வீடு, துக்க வீடு என்று ஒவ்வொன்றும் பழைய கூட்டாளிகளிடமே கொண்டுபோய் விடும். மருந்தால் கை நடுக்கம் நிற்கும். சாயங்காலத்துக்கு வேறு மனிதர்கள் வேண்டும்.

1935 மே மாதம் அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு ஓட்டலில் பில் வில்சன் என்பவர் இதே தவிப்போடு நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வியாபாரம் கைகூடவில்லை. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் இரைச்சல், மறுபக்கம் தொலைபேசி. குடிநோயால் அவதிப்படும் இன்னொருவரிடம் பேசினால்தான் தப்பிக்கலாம் என்று தோன்ற, தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தார். அந்த அழைப்பு கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் கொண்டு சேர்த்தது. கால் மணி நேரம்தான் என்ற நிபந்தனையோடு வந்த டாக்டர், இரவு பதினொரு மணி தாண்டியும் எழுந்திருக்கவில்லை. அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் தேதியையே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த அமைப்பின் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் பல ஊர்களில், தமிழிலேயே நடக்கின்றன. ஒரு பள்ளி வகுப்பறையோ தேவாலய அரங்கோ போதும். கொஞ்ச நேரம் மௌனம், ஒரு பிரார்த்தனை. பிறகு ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்குவார். தாலியை அடகு வைத்தது, பிள்ளையின் ஃபீஸ் பணத்தில் குடித்தது என்று அவர் சொல்லும்போது குறுக்கே யாரும் புத்திமதி சொல்ல மாட்டார்கள். கேட்பவர்களுக்கும் அது சொந்தக் கதைதான். புதிதாக வந்தவர் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். சாதி, வேலை, முகவரி எதையும் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் கிடையாது, விரும்பியவர்கள் பையில் போடுவதில்தான் செலவு நடக்கிறது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. தேவாலயத்தில் நடந்தாலும் எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. அங்கே ‘இறைவன்’ என்றால் அவரவர் புரிந்துகொண்ட இறைவன்.

இது பலன் தருகிறதா என்ற கேள்வி நியாயமானது. 27 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 10,565 பேரின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வறிக்கை 2020இல் வெளியானது. ஏ.ஏ. வழிக்கு முறைப்படி ஆற்றுப்படுத்தப்பட்டவர்களில், ஓராண்டு முடிவில் சொட்டுக்கூடக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். பிற உளவியல் சிகிச்சைகளில் இது 35 சதவீதம். மருத்துவருக்கு இது மாற்று அல்ல என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். முதலில் ஆஸ்பத்திரி, அதோடு சேர்த்துக் கூட்டம்.

ஆனால் கூட்டம் எங்கே என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி மதுப் பிரச்சினைக்கு உதவி தேவைப்படும் இந்தியர்கள் 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் டாஸ்மாக் கடைகள் 4,829 இருந்தன. அவற்றுக்கு வழி கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

விளம்பரம் செய்து ஆள் பிடிப்பது ஏ.ஏ.வின் மரபல்ல. வெளியார் நன்கொடையையும் அது வாங்காது. ஆகவே தகவலைச் சொல்லும் கடமை மற்றவர்களுடையது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அருகிலுள்ள கூட்டத்தின் இடம், கிழமை, நேரம் பலகையில் இருக்க வேண்டும். மறுவாழ்வு மையங்கள் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அதை எழுதித் தர வேண்டும். அரசுப் பள்ளிகளும் சமுதாயக் கூடங்களும் மாலையில் ஓர் அறையைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தாலே புதிய குழுக்கள் முளைக்கும்.

அதுவரை தேடுகிறவர்கள் ஏ.ஏ. இணையதளத்தில் ஊர்வாரியாகப் பார்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச எண் 14446இலும் ஆலோசனை கேட்கலாம். முதலில் போன குழு ஒத்துவராவிட்டால் இன்னொன்றுக்குப் போக வேண்டும். ஒரு நாள் போய்விட்டு ‘நமக்கு இது சரிப்படாது’ என்று நின்றுவிடுவதுதான் பெரிய இழப்பு. கிளம்பும்போது இரண்டு பேரின் தொலைபேசி எண்ணையாவது வாங்கிக்கொள்வது நல்லது. கை அரிக்கிற நேரத்தில் கூப்பிட ஆள் வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் தனிக் கூட்டம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிவைத்த ‘அல்-அனான்’ குழுக்கள் அவை. ராத்திரி கதவுச் சத்தத்துக்குக் காது கொடுத்தே வருடங்களைக் கழித்த பெண்கள் அங்கே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள். கணவர் குடியை விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அவர் வர மறுத்தாலும் மனைவி தனியாகப் போகலாம்.